கழலும் நட்டும் கருகும் கப்ளரும்

(மோட்டார் சைக்கிள் பயணக் குழு ஒன்றின் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கன்னியாகுமரியிலிருந்து லே வரை போகத் திட்டமிட்டிருக்கிறோம், வண்டியைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நண்பர்கள் அழைத்தார்கள். எந்த டயர், எந்த ஆயில், எந்த ஜாக்கெட் என்றெல்லாம் சொல்ல என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த அவையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இரண்டே விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று நட்டு போல்ட்டு, இன்னொன்று ஒயர் இணைப்பு. இவற்றைக் காட்டி யாரும் வண்டி விற்பதில்லை, இவற்றைப் பார்த்து யாரும் வண்டி வாங்குவதுமில்லை. ஆனால் நடுவழியில் வண்டியை நிறுத்துகிற காரணங்களில் பல இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

பிஸ்டன் உடைந்தோ கிராங்க் முறிந்தோ சாலையோரம் நிற்கும் வண்டி அபூர்வம். சைலன்சர் நட்டு எங்கோ விழுந்துவிட்டது; கேரியர் போல்ட்டு முறிந்து பை பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது; பேட்டரி டெர்மினல் தளர்ந்து செல்ஃப் எடுக்கவில்லை; ஹெட்லைட் கப்ளர் உருகிவிட்டது. வழியில் கேட்கிற கதையெல்லாம் இப்படித்தான் இருக்கும். கவனியுங்கள், இவை எதிலும் முக்கியமான பாகம் எதுவும் கெடவில்லை. சைலன்சர் நன்றாக இருக்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது. இரண்டு பாகங்கள் சேருகிற இடம்தான் கைவிட்டிருக்கிறது.

நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான். போல்ட்டு போட்ட இணைப்பு, ஒயர் செருகிய இணைப்பு இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறோம். ஒன்று ஃபிட்டர் வேலை, மற்றது எலக்ட்ரீஷியன் வேலை என்று பிரித்தும் வைத்திருக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே சங்கதி. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றன. அந்த அழுத்தம் இருக்கும்வரை வண்டி ஓடும். அழுத்தம் குறைந்தால் ஒரு பக்கம் நட்டு கழலும், இன்னொரு பக்கம் கப்ளர் கருகும்.

பதினைந்து லட்சம் சுற்று

முதலில் அதிர்வின் கணக்கைப் பார்ப்போம். நம் ஊர் புல்லட்டையே எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ரெடிச் நகர ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்துத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரிலிருந்து பல பத்தாண்டுகள் அனுப்பிய வண்டி. 346 சி.சி., ஒற்றை சிலிண்டர், 70 மி.மீ. குறுக்களவு, 90 மி.மீ. ஸ்ட்ரோக். அவ்வளவு பெரிய பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது அதைச் சமன்செய்ய அந்த எஞ்சினுக்குள் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது. 349 சி.சி. புதிய எஞ்சினில்தான் அது வந்தது. அதிர்வு குறைந்திருக்கிறது, ஆனாலும் அதிர்வே இல்லாத ஒற்றை சிலிண்டர் எஞ்சினை இதுவரை யாரும் செய்யவில்லை.

நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் மணிக்கு 1,80,000 சுற்று. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நாளைக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். ஒரே நாளில் எஞ்சின் சுமார் 15 லட்சம் முறை சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றும் வண்டியிலுள்ள ஒவ்வொரு போல்ட்டையும் ஒவ்வொரு கப்ளரையும் ஒரு தடவை ஆட்டிப் பார்க்கிறது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டும்போது ஒரு பயணத்தின் மொத்த ஆட்டமும் ஆண்டுக்கணக்கில் பரவிக் கிடக்கும். இடையில் இரண்டு சர்வீஸும் வந்துவிடும். நெடும்பயணத்தில் அத்தனையும் பத்துப் பதினைந்து நாளில் நடந்து முடிகிறது.

இதோடு சூடும் குளிரும் சேர்கின்றன. எஞ்சின் உறை அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டு இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். காலையில் சுருங்கியும் மதியத்தில் விரிந்தும் இரண்டும் தினமும் இழுபறி நடத்துகின்றன. பின்னால் ஆளும், பக்கவாட்டில் மூட்டைகளும் ஏறினால் கேரியர் போல்ட்டுகளின் பாடு தனி.

போல்ட்டு எப்படிப் பிடிக்கிறது?

மரைக்குள் மரை சிக்கிக்கொள்வதால் போல்ட்டு பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் போல்ட்டை முறுக்கும்போது அது நீளுகிறது. நீண்ட போல்ட்டு சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. எட்டு மி.மீ. தடிமனுள்ள சாதாரண போல்ட்டை 25 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் அது சுமார் ஒன்றரை டன் விசையோடு அழுத்தும். நம் கை முறுக்குக்கு இவ்வளவு பெரிய பலன்!

ஆனால் அந்தப் போல்ட்டு எவ்வளவு நீண்டிருக்கும் தெரியுமா? பிடிக்கும் பகுதி 40 மி.மீ. என்றால், சுமார் 0.08 மி.மீ. ஒரு தலைமயிரின் தடிமன். ஒன்றரை டன் பிடியும் அந்த மயிரிழை நீட்சியில்தான் நிற்கிறது. அதில் பாதி போனால் பாதிப் பிடி போய்விடும். இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

புதிதாக வாங்கிய கிராஷ் கார்டை, பவுடர் கோட்டிங் பளபளக்க, அப்படியே ஃபிரேமில் வைத்து முறுக்குகிறோம். அந்தப் பூச்சின் கனமே பல சமயம் 0.06 மி.மீ.க்கு மேல் இருக்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் அழுத்தத்தில் பூச்சு நசுங்கி ஒதுங்குகிறது. நட்டு ஒரு இம்மி கூடத் திரும்பவில்லை, ஆனால் பிடி போய்விட்டது. "நேத்துதானே டைட் வெச்சேன், எப்படி லூஸ் ஆச்சு?" என்று மெக்கானிக் அண்ணனிடம் சண்டைக்குப் போகிறோம். அவர் மேல் தப்பில்லை. புதிய இணைப்பு எதுவும் உட்கார நேரம் வேண்டும். உட்கார்ந்த பிறகு ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும்.

அடுத்து, நட்டு ஏன் திரும்பிக் கழல்கிறது? கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் இதற்குத் தெளிவான விடை சொன்னார். போல்ட்டை அதன் நீளவாக்கில் எவ்வளவு குலுக்கினாலும் அது அவ்வளவு எளிதில் கழலாது. அது பிடித்திருக்கும் இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று நழுவினால்தான் கழலும். நழுவுகிற நொடியில் மரையின் உராய்வு அற்றுப்போகிறது. நட்டு தானாகத் திரும்புகிறது. அவர் பெயரிலேயே ஒரு சோதனைக் கருவி இன்றும் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்பிரிங் வாஷர் போட்டுவிட்டால் கவலை இல்லை என்பார்கள். யுங்கர் முறைச் சோதனையில் சாதாரண ஸ்பிரிங் வாஷர் பெரிதாக எதையும் தடுப்பதில்லை. உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு மேல். அது தளர்ந்தாலும் கழன்று விழாது. ஆனால் இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் நைலான் தேய்ந்துவிடும். கையால் சுலபமாகத் திருக முடிகிற நைலாக் நட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அதன் விலை ஒரு டீ விலைகூட இல்லை.

மரையில் விடுகிற பசையும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் க்ரீபிள் 1950களில் உருவாக்கியது. லாக்டைட் என்ற பெயரில் உலகம் அறிந்தது. சென்னையில் அனபாண்ட் போன்றவர்களும் தயாரிக்கிறார்கள். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாக இருக்கும். காற்றில்லாத மரைக்குள் உலோகத்தைத் தொட்டதும் இறுகிவிடும். பாட்டிலை முழுக்க நிரப்பாமல் விற்பது ஏமாற்று வேலை இல்லை, உள்ளே காற்று இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நீல நிறம் நமக்குப் போதும், ஸ்பானரால் கழற்றிவிடலாம். சிவப்பைத் தொடாதீர்கள். அதைக் கழற்ற 250 டிகிரி வரை சூடு காட்ட வேண்டியிருக்கும். லே போகும் வழியிலுள்ள சர்ச்சு என்ற ஊரருகே பஞ்சர் கடையில் அந்த வசதி இருக்காது. இன்னொன்று, மரையில் ஆயில் இருந்தால் பசை பிடிக்காது. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துக் காய்ந்த பிறகு ஒரு சொட்டு விடுங்கள்.

பின்சக்கர ஆக்சில் நட்டில் காட்டர் பின் போடுகிற வண்டிகள் உண்டு. மாட்டுவண்டிச் சக்கரத்தின் அச்சாணி செய்யும் அதே வேலையை அது செய்கிறது. நட்டு விழாமல் தடுக்கும். ஆனால் இறுக்கத்தைக் காப்பாற்றாது. பின் இருக்கிறதே என்று ஸ்பானர் வைத்துப் பார்க்காமல் விடக் கூடாது. ஒருமுறை வளைத்த பின்னை நிமிர்த்தி மறுபடி போடவும் கூடாது.

பைப் போட்டு இறுக்காதீர்கள்

கழலும் என்ற பயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, மூச்சைப் பிடித்து முறுக்குவது. ஸ்பானர் போதாதென்று அதன் வாலில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி ஏறி மிதிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். போல்ட்டின் நீட்சிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மறுபடி சுருங்காது; சுருங்காத போல்ட்டு பிடிக்காது. இன்று இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், நாளை மொட்டையாக முறியும்.

போல்ட்டுத் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ போட்டிருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் அது தாங்கும் உச்ச விசை, ஒரு சதுர மி.மீ.க்கு எத்தனை நியூட்டன் என்று. 8.8 என்றால் 800. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எட்டு, அந்த 800இல் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் என்று சொல்கிறது. அதாவது 640. தலையில் எண்ணே இல்லாத போல்ட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கி பிரேக் காலிப்பரில் போடுவது உயிரோடு விளையாடுவது.

தோராயக் கணக்கு ஒன்றை மனதில் வையுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பானர் போடும் ஆறு மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர். பன்னிரண்டோ பதின்மூன்றோ போடும் எட்டு மி.மீ. போல்ட்டுக்கு 25. பத்து மி.மீ. போல்ட்டுக்கு 50க்குக் கொஞ்சம் குறைவு. இது 8.8 தரப் போல்ட்டு இரும்பு மரைக்குள் போகும்போது. அலுமினிய உறைக்குள் போகும் போல்ட்டுக்கு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வண்டியின் சர்வீஸ் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. ஆறு மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் என்றால், சாண் நீளம்கூட இல்லாத சிறிய ஸ்பானரின் நுனியில் எட்டொன்பது கிலோ எடை அழுத்தம். அவ்வளவுதான். முழங்கையையும் தோளையும் சேர்த்து இழுத்தால் அலுமினிய மரை உரிந்துகொண்டு வெளியே வந்துவிடும்.

சைட் கவர், இண்டிகேட்டர் திருகுகள் தலை தேய்ந்து நிற்பதும் பலருக்குத் தெரிந்த தொல்லை. ஜப்பானியக் கூட்டில் வளர்ந்த நம் வண்டிகளில் உள்ள பிளஸ் திருகுகள் பல, ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. கடையில் கிடைக்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அவற்றில் முழு ஆழத்துக்கு உட்காராது. வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜப்பானியத் தர முனை தனியே விற்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள்.

இறுக்கியாயிற்று. இனி அது அப்படியே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் எல்லா நட்டிலும் ஸ்பானர் வைத்து முறுக்கிப் பார்த்தால், பார்த்துப் பார்த்தே கூடுதலாக இறுக்கிவிடுவோம். விமானப் பராமரிப்பில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சரியான முறுக்கு கொடுத்தவுடன் போல்ட்டுத் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. கோடு நேராக இருந்தால் நட்டு திரும்பவில்லை. உடைந்திருந்தால் திரும்பிவிட்டது. காலையில் டீ குடித்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் முப்பது போல்ட்டையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஸ்டேஷனரி கடை மார்க்கர் போதும்.

எந்தெந்த இடம் என்று கேட்பீர்கள். முன்னிருந்து பின்னாக: முன் ஆக்சில், பிரேக் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகள், ஹேண்டில்பார் கிளாம்ப், எஞ்சின் மவுண்டிங், சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், சைட் ஸ்டாண்டு, ஸ்ப்ராக்கெட், பின் ஆக்சில், கேரியர், நம்பர் பிளேட். ஸ்டாண்டு போல்ட்டை யாரும் பார்ப்பதில்லை. பயணத்தில் மூட்டையோடு தினம் இருபது முறை வண்டியைச் சாய்த்து நிறுத்துவது அதன் மேல்தான். செயின் லாக் வைத்த செயின் என்றால் அந்தக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசித் திறந்துகொள்ளும்.

மின்சாரத்துக்கும் அழுத்தம்தான்

இப்போது ஒயருக்கு வருகிறேன். கப்ளருக்குள் ஆண் முனை, பெண் முனை என்று இரண்டு உண்டு. பெண் முனையின் மெல்லிய தகடு ஸ்பிரிங்காக வளைந்து ஆண் முனையை அழுத்துகிறது. பல முறை கழற்றி மாட்டினால், பழைய துணிக் கிளிப் மாதிரி அதன் வாய் விரிந்துவிடும். அப்புறம் எஞ்சின் அதிரும்போது இரண்டு முனையும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்கு உரசுகின்றன. தகரப்பூச்சு உரிந்து துகளாகிறது, துகள் காற்றில் துருவாகிறது, துரு மின்சாரத்தைத் தடுக்கிறது. போல்ட்டைக் கழற்றிய அதே பக்கவாட்டு நழுவல்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

தடை எவ்வளவு இருந்தால் ஆபத்து? 60 வாட் ஹெட்லைட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். கப்ளரில் 0.2 ஓம் தடை வந்துவிட்டால் அங்கேயே 1 வோல்ட் காலி. 5 வாட் வெப்பம் அரிசி மணி அளவு இடத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக்கைச் சுடும். பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். "லைட் டல்லா இருக்கு" என்று 100 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறோம். கரண்ட் இன்னும் கூடி, கப்ளர் இன்னும் சீக்கிரம் உருகுகிறது. செல்ஃப் மோட்டார் கதை இதைவிடப் பெரிது. அது 100 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் பேட்டரி டெர்மினலில் வெறும் 0.02 ஓம் இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். "டிக்... டிக்..." என்று ரிலே மட்டும் தட்டும். பேட்டரி செத்துவிட்டது என்று புதிது வாங்குவோம். குற்றவாளி, கால் சுற்றுத் தளர்ந்த ஒரு சின்னத் திருகு.

இருபது வருடத்துக்கு முன்னால் இதையெல்லாம் கொஞ்சம் அலட்சியம் செய்ய முடிந்தது. பேட்டரி செத்தாலும் பல வண்டிகளைக் கிக்கரை உதைத்தோ தள்ளியோ ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இன்றைக்கு அப்படி இல்லை. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் முன்விளக்கு எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று விதி. அந்தக் கப்ளருக்குப் பகலிலும் ஓய்வில்லை. 2019இல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது, சக்கரத்தருகே சென்சார் ஒயர் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப்பே பேட்டரியில்தான் ஓடுகிறது. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும், எர்த் ஒயரில் துரு பிடித்தால் வண்டி நகராது. ஒயர் இணைப்பைப் பார்க்கத் தெரிவது இன்று பஞ்சர் ஒட்டத் தெரிவதற்குச் சமமான தேவை.

எர்த் என்றேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு ஒயர் ஃபிரேமுக்கும் எஞ்சினுக்கும் போகும். வண்டியிலுள்ள எல்லாக் கரண்ட்டும் திரும்பி வரும் பாதை அது. அந்த வளைய முனை ஃபிரேமைத் தொடும் இடத்தில் பெயின்ட் இருந்தால்? சற்று முன் கிராஷ் கார்டில் பார்த்த அதே எதிரி. இங்கே அது அழுத்தத்தையும் குறைக்கும், கரண்ட்டையும் தடுக்கும். கழற்றி, எமரி தாளால் வெறும் உலோகம் தெரியத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். வாசலின் முறுக்கிய பிறகு, மேற்பூச்சாக மட்டும். சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டர் சொல்லும். ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து செல்ஃபை அமுக்குங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. மேலே போனால் எர்த்தைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு அளவுகள் போதும். வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். எஞ்சினைச் சற்று முறுக்கி ஓட்டும்போது 13.5 முதல் 14.5. ஏறவே இல்லை என்றால் சார்ஜ் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியை வேகவைக்கிறது. ரெகுலேட்டருக்குப் போகும் கப்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அங்கே சூடு நடக்கிறது. இன்றைக்கே மாற்றுங்கள்.

பேட்டரியில் கை வைக்கும்போது வரிசை முக்கியம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் வைத்த ஸ்பானர் தவறி ஃபிரேமைத் தொட்டால், அது நேரடி ஷார்ட். ஸ்பானரே பழுத்துவிடும்.

தண்ணீரும் உப்பும்

பயணத்துக்கு முந்தின நாள் எல்லோரும் தவறாமல் செய்வது ஒன்று உண்டு: வண்டியை வாட்டர் சர்வீஸ் விடுவது. கம்ப்ரசர் பீச்சும் தண்ணீர், மழைக்காகச் செய்த ரப்பர் மூடிகளைத் தாண்டி ஸ்விட்சுக்குள்ளும் கப்ளருக்குள்ளும் போய்விடும். மழை மேலிருந்து விழுகிறது. இது பக்கத்திலிருந்து குத்துகிறது. வாளித் தண்ணீரும் துணியும் போதும். ஆயுத பூஜைக்கு நாம் துடைப்பதுபோல் ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டுத் துடைத்தால், ஆடுகிற போல்ட்டு எது, உரிந்த ஒயர் எது என்று விரலே சொல்லிவிடும். சந்தனம் வைக்கப் போன இடத்தில் நட்டைக் காணோம் என்று கண்டுபிடித்தவர்கள் நம்மில் உண்டு.

தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை 2017இல் சாலை வந்த பிறகு வண்டிகள் கடல் நடுவே போய்வருகின்றன. அந்த உப்புக்காற்று பட்ட செப்பு ஒயரின் முனையில் பச்சை பூக்கும். திரும்பியதும் நல்ல தண்ணீரால் துடையுங்கள். கப்ளர்களைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி தடவி மாட்டுங்கள். சக்கரத்துக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் வேண்டாம். அது ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கலாம்.

ஒயர் ஒட்டுப்போடும்போது முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் வழக்கம். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து, ஒயர் அம்மணமாக நிற்கும். சால்டர் வைப்பது மேல் என்று தோன்றும்; ஆனால் ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடுவதால், அது முடிகிற விளிம்பில் அதிர்வு பட்டு ஒயர் முறியும். நல்ல கிரிம்ப் முனை, அதன் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், இரண்டு பக்கமும் கேபிள் டை. இதுவே நெடும்பயணத்துக்கு ஏற்றது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியைத் தனியாகப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் அந்த ஒயர்க் கட்டு இடமும் வலமும் மடங்குகிறது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிக் கட்டை மெல்ல ஆட்டுங்கள். லைட் சிமிட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

கூடுதல் விளக்கு, யு.எஸ்.பி. சார்ஜர், ஜி.பி.எஸ். மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட்லைட் ஒயரைக் கிள்ளி அதிலிருந்து எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ், நடுவில் ரிலே. ரிலேயில் 30 என்ற முனைக்கு பேட்டரி, 87க்கு விளக்கு, 85, 86க்கு ஸ்விட்சும் எர்த்தும். ஃபியூஸ் பல்பைக் காப்பாற்ற வைத்தது என்று நினைக்க வேண்டாம், ஒயரைக் காப்பாற்ற வைத்தது. 15 ஆம்பியர் ஃபியூஸ் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகினால் வண்டி ஓடும்தான். அடுத்த ஷார்ட்டில் ஃபியூஸுக்குப் பதில் டேங்குக்கு அடியில் போகும் ஒயர் எரியும்.

எப்போது, எதைக் கொண்டு?

புறப்படும் முந்தின நாள் வண்டியில் ஸ்பானர் வைக்காதீர்கள். எல்லா வேலையையும் இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். பிறகு முழு மூட்டையோடு வால்பாறைக்கோ ஏற்காட்டுக்கோ ஒரு நாள் போய்வாருங்கள். உட்கார வேண்டிய இணைப்பு உட்காரும், கழல வேண்டியது கழலும். திரும்பி வந்து, எஞ்சின் ஆறிய பிறகு, எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து மார்க்கர் கோடு போடுங்கள்.

மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டியில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று ஒரு பலகை வெகுகாலம் நின்றது. பயணிகள் அதோடு படம் எடுத்துக்கொள்வார்கள். பெட்ரோலுக்கே அந்த நிலை என்றால் மெக்கானிக் கடைக்குச் சொல்ல வேண்டாம். அந்தப் பாதையில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள தங்லங் கணவாய் வரும். அந்தக் குளிரில் பேட்டரியின் திறன் தானாகவே குறையும். கூடவே துருப்பிடித்த டெர்மினலும் இருந்தால் காலையில் வண்டி எழாது.

அதனால் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரே விதிதான். உங்கள் வண்டியில் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பொருந்தும் ஸ்பானர் பையில் இருக்க வேண்டும். பொருந்தாத ஸ்பானர் சுமை. இதைச் சோதிக்கவும் வழி உண்டு. பயணத்துக்கு முந்தைய வேலைகளை வீட்டிலுள்ள பெரிய டூல் பெட்டியைத் திறக்காமல், அந்தப் பையை மட்டும் வைத்துச் செய்யுங்கள். எது இல்லையென்று அப்போது தெரிந்துவிடும். அதோடு ஆறு, எட்டு மி.மீ. போல்ட்டும் நைலாக் நட்டும் சில, காட்டர் பின், செயின் லாக், ஒவ்வொரு அளவிலும் இரண்டு ஃபியூஸ், ஒரு மீட்டர் ஒயர், கிரிம்ப் முனைகள், கேபிள் டை, கட்டடக் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பி ஒரு சுருள், சின்ன மல்டிமீட்டர். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். பக்கத்தில் நின்று, "அண்ணே, இதை நான் டைட் வெக்கட்டுமா?" என்று கேட்டு ஒரு நட்டையாவது உங்கள் கையால் முறுக்குங்கள். எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் போதும் என்கிறது என்பதைக் கைதான் கற்றுக்கொள்ளும், காது கற்றுக்கொள்ளாது. லே போகிற பத்து பேரில் இரண்டு பேருக்கு அந்தக் கைப்பழக்கம் இருந்தால் போதும், பத்து வண்டியும் ஊர் திரும்பும். அந்த இரண்டு பேரில் ஒருவராக நீங்கள் இருங்கள்.